தாட்பூட் கொடியும் ஜன்னல் குளவியும்

கோவை வடவள்ளியில் உள்ள அந்த வீட்டின் படுக்கையறை ஜன்னலை ஆறு வருடங்களாக யாரும் முழுதாகத் திறந்ததில்லை. சட்டத்தின் மேல் மூலையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கட்டிய குளவி எப்போதோ போய்விட்டது. அடுத்த வருடம் வேறொன்று வந்து பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டியது. "யாரும் அதைத் தொடக் கூடாது" என்று மாமியார் உத்தரவு போட்டிருந்தார். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் சீக்கிரம் தொட்டில் ஆடும் என்பது அவர் பிறந்த ஊர் நம்பிக்கை. கல்யாணமாகி ஏழு வருடமான மருமகளுக்கோ, அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பது போலிருக்கும்.

சிகிச்சை இரண்டாவது முறையும் பலிக்காமல், "கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்" என்று மருத்துவர் சொன்ன மாதத்தில்தான் அவள் தாட்பூட் கன்று வாங்கி வந்தாள். பேஷன் ஃப்ரூட் என்று கடையில் விற்கிறார்களே, அதேதான். கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம். இலங்கைத் தமிழர்களுக்குக் கொடித்தோடை. ஊதா நிறப் பழம் தரும் ரகம் மலைக் குளிருக்குத்தான் நன்றாகக் காய்க்கும். சமவெளிக்கு மஞ்சள் ரகம். அந்த மஞ்சள் ரகத்தில் ஒரு சிக்கல் உண்டு. தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். நர்சரிக்காரர் அதைச் சொல்லவில்லை. ஒன்று பட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அவளாகவே இரண்டு கன்று வாங்கினாள். அந்த முன்ஜாக்கிரதைதான் பின்னால் பழமாயிற்று.

ஒரே வருடத்தில் இரண்டு கொடியும் கொல்லைப்புறத் துவைக்கிற கல்லுக்கு மேல் பந்தலாகப் படர்ந்தன. மதியம் 12 மணிவாக்கில் பூ விரியும். வெளியே நூறு கௌரவர், உள்ளே ஐந்து பாண்டவர் என்று மாமியார் எண்ணிக் காட்டுவார். மரச்சட்டத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டுகள் ரீங்காரத்தோடு வந்து பூவுக்குள் புகுந்து, முதுகெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வரும். சின்னத் தேனீயின் முதுகு மகரந்தப் பைக்கு எட்டாது. இந்தப் பூவுக்கு ஏற்ற உயரம் கருவண்டுதான்.

ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சிகள் வந்தபோது அவளுக்குச் சந்தோஷம்தான். அவசரமே இல்லாமல், கையால் பிடித்துவிடலாம் போல மெதுவாகப் பறந்தன. ஏன் அத்தனை நிதானம் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து நாளில் பந்தலின் ஒரு பக்கம் நரம்பு மட்டும் மிச்சமான இலைகளாக நின்றது. அடியில் செம்பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்களோடு புழுக்கள். கூட்டம் கூட்டமாக.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியில் அடிபட்ட நினைவில் வீடே பயந்தது. துவைக்கிற கல்லுக்கு யார் போவது? கணவன் உரக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். சனிக்கிழமை, அவனுக்கு விடுமுறை, மதியம் ஒரு மணிக்கு அடித்தான். மாலைக்குள் புழு எல்லாம் கீழே. கூட்டித் தள்ளியதில் ஒரு முறம் இருந்தது.

அந்த வாரம் விரிந்த பூக்களில் ஒன்றுகூடப் பிஞ்சு பிடிக்கவில்லை. மருந்து அடித்த நேரம் பூ விரிந்திருந்த நேரம், கருவண்டு வரும் நேரம். அதற்கப்புறம் பல நாள் அந்த ரீங்காரமே இல்லை. அவள் ஒவ்வொரு பூவாக விரலால் தொட்டு, ஒரு கொடியின் பொடியை மறு கொடியின் பூவுக்குத் தடவினாள். பத்துப் பன்னிரண்டு காய் பிடித்தது. அதற்குள் இலைக்கு அடியில் மறுபடி மஞ்சள் முட்டைகள், நெருக்கி வைத்த கேழ்வரகு மாதிரி, ஒரு இலைக்கு ஐம்பது அறுபது. இந்த முறை வந்த புழுக் கூட்டம் முதலில் வந்ததைவிடப் பெரியது.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், பூச்சியியல் துறையில் களப்பணியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், காலை நடைக்கு அந்த வழியாகத்தான் போவார். மொட்டைப் பந்தலைப் பார்த்துக் கேட் அருகே நின்றார். மருந்து அடித்ததைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. "குளவி எங்கீங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். சன்ஷேடுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த காகிதக் குளவிக் கூட்டில் நடமாட்டமே இல்லை. மண்குளவி வேறு, இது வேறு. இது மர நாரை மென்று, எச்சிலில் குழைத்து, சாம்பல் நிறக் காகிதமாக அறை அறையாகக் கட்டும். பெரிய குளவிகள் தேனும் சாறும் குடித்து உயிர் வாழும். ஆனால் கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுகளுக்குக் கறி வேண்டும். அதற்காகப் புழுவைப் பிடித்து, கடித்து, உருண்டையாக்கி எடுத்துவரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இந்த வகைக் குளவி ஒன்றைத்தான். ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வித்தியாசமே கிடையாதாம். ராணி போனால் வேலைக்காரிகளில் ஒருத்தி ராணியாகிவிடுவாளாம்.

"நீங்க அடிச்ச மருந்து புழுவை மட்டும் பாத்துக் கொல்லாதுங்க" என்றார் பெரியவர். "அந்தப் புழுவை எடுத்துட்டுப் போய்க் குஞ்சுக்குக் குடுத்திருந்தா, கூடே போச்சு. புழு திரும்பி வர ஒரு தாய்ப் பட்டாம்பூச்சி போதும். குளவி திரும்பி வர ஒரு குடும்பமே உருவாகோணும்."

மாமியாருக்கு இது ரசிக்கவில்லை. ஆடி மாதத்தில் துணி துவைக்கும்போது அதே கூட்டுக் குளவி அவரைக் கொட்டி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தவர் அவர். தீப்பந்தம் வைத்துக் கொளுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜன்னல் குளவிக்குக் காவல், சன்ஷேடு குளவிக்குப் பந்தமா என்று மருமகள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. (கொட்டு வாங்கி மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்று வருபவர்கள் வீட்டில் வாசலை ஒட்டிக் குளவிக்கூட்டை வைத்திருக்கக் கூடாது என்பதைப் பெரியவரே சொன்னார். சுண்ணாம்போடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ் அது.)

மறுநாளிலிருந்து பெரியவர் நடை முடித்துத் திரும்பும்போது பத்து நிமிடம் பந்தலடியில் நிற்பது வழக்கமாயிற்று. முதலில் அவர் காட்டியது எறும்பு. கொடியில் எறும்பு ஏறுகிறதே என்று அவள் தண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். "இலைக்காம்பைப் பாருங்க" என்றார். இலை தொடங்கும் இடத்தில், காம்பின் இரண்டு பக்கமும் குண்டூசித் தலை அளவில் இரண்டு புடைப்பு. அதில் தேன் சுரக்கிறது. பூவில் இல்லாத தேன். வண்டுக்கு இல்லை, எறும்புக்கு. காவல்காரனுக்குக் கொடி கொடுக்கும் சம்பளம். தேன் குடிக்க வரும் எறும்பு வழியில் கிடைக்கும் முட்டையையும் குட்டிப் புழுவையும் விடாது. மாவுப்பூச்சியை மேய்க்க வரும் எறும்பு வேறு கதை, அதை விரட்டலாம். சாக்பீஸ் வட்டம் அன்றே அழிந்தது.

பட்டாம்பூச்சி ஏன் மெதுவாகப் பறந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. பச்சை மரவள்ளிக் கிழங்கில் இருக்கிறதே, அந்த வகை நஞ்சு இந்தப் புழுவின் உடம்பிலும் பட்டாம்பூச்சியின் உடம்பிலும் இருக்கிறது. தவிட்டுக்குருவி ஒரு தடவை கொத்திப் பார்த்துத் துப்பினால் அடுத்த தடவை அந்தப் பக்கம் திரும்பாது. பறவைக்குப் பயமில்லாதவன் எதற்கு வேகமாகப் பறக்க வேண்டும்? முட்களோ வெறும் மிரட்டல். முருங்கைக் கம்பளிப்பூச்சி போல அரிக்காது. அவள் தயங்கித் தயங்கி ஒன்றைக் கையில் ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மாமியார்தான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்.

நஞ்சு பறவைக்குத்தான் தடை. பூச்சிகளில் அதைச் சமாளிக்கத் தெரிந்தவை உண்டு. அமெரிக்காவில் எருக்கம் செடி இனத்தைத் தின்று வளரும் மொனார்க் புழுவைக் காகிதக் குளவி பிடித்தால், நஞ்சிலை நிறைந்த குடலை உருவி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துப் போகும். தாட்பூட் பிறந்த மண்ணான தென் அமெரிக்காவில், உலகிலேயே அதிகமாக இதை விளைவிக்கும் பிரேசிலில், டயோனி ஜூனோ என்ற பட்டாம்பூச்சியின் புழுதான் தோட்டக்காரர்களுக்குத் தலைவலி. அதுவும் கூட்டமாக முட்டையிடும், கூட்டமாக மேயும். அங்கேயும் அதைத் தூக்கிப் போவது குளவிதான். புழுவைத் தாக்கும் ஒரு வைரஸும் அங்கே உண்டு. நம் ஊர்ப் பருத்திக்காட்டுக்காரர்களுக்கு என்.பி.வி. என்றால் தெரியும், தாக்கிய புழு தலைகீழாகத் தொங்கி, உள்ளே கரைந்து தண்ணீராகிவிடுமே, அந்தச் சாதி.

மருமகளுக்கு ஆச்சரியமாக இருந்தது நாவாய்ப்பூச்சி. பழுப்பு நிறம், கேடயம் மாதிரி முதுகு. நெற்பயிரில் பால் உறிஞ்சுவதன் உறவுக்காரன்தானே என்று நசுக்கப் போனாள். பெரியவர் தடுத்தார். உற்றுப் பார்த்தால், ஊசி போன்ற மூக்கைத் தன்னைவிடப் பெரிய புழுவின் முதுகில் செருகி, அதை அந்தரத்தில் தொங்கவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் புழு காலிப் பை. கும்பிடுபூச்சி இரண்டு, வலை கட்டாமல் இலையில் பதுங்கிப் பாயும் பச்சைச் சிலந்தி நாலைந்து என்று அவள் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். வேலைக்குப் போகும் முன் பதினைந்து நிமிடம். முட்டை இருக்கும் இலையைக் கிள்ளிவிடுவாள். முட்டையிலிருந்து வந்த புழுக்கள் முதல் சில நாள் ஒரே இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இலையோடு கத்தரித்தால் ஐம்பது புழு போயிற்று. ஆனால் கடைசிக் கொம்பில் ஒரு கூட்டத்தை அப்படியே விட்டுவைத்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டா, வர்றவன் என்னத்தைத் திம்பான்?" என்பது பெரியவர் கணக்கு.

டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கட்டலாமா என்று அவள் கேட்டாள். அந்த முட்டை ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. பிற பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். கரும்பிலும் நெல்லிலும் தண்டு துளைப்பான் முட்டைக்கு ஏக்கர் கணக்கில் கட்டுவது. "ரெண்டு கொடிக்கு உங்க விரலே போதும்" என்றார் அவர். பி.டி. பாக்டீரியாப் பொடியையும் சொன்னார். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்து விழுந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்த கிருமி அது. தின்ற புழுவைக் கொல்லும். குளவிக்கும் கருவண்டுக்கும் கெடுதல் இல்லை. பட்டுப்புழுவில் கண்டுபிடித்தது என்பதாலேயே, உடுமலைப் பக்கம் போலப் பட்டு வளர்க்கும் ஊர்களில் மல்பெரிக்குப் பக்கத்தில் தெளிக்கக் கூடாது. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பட்டாம்பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை மாமியார்தான் கண்டுபிடித்தார். பக்கத்துக் காலி சைட் முழுக்கப் படர்ந்திருந்த காட்டுக்கொடியும் தாட்பூட் இனம்தான். புத்தகத்தில் சிறுபூனைக்காலி. ஊரில் அதற்கு வேறு பெயர். அதைச் சொல்ல வந்த மாமியார் மருமகள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட, அவளும் சிரித்துவிட்டாள். வெகு நாளைக்கப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அதன் பூவைச் சுற்றியுள்ள வலைப்பின்னல் ஒட்டுகிற பிசினோடு இருக்கும். சின்னப் பூச்சிகள் அதில் சிக்கிச் சாகும். சிக்கியதை அந்தச் செடி செரிக்கவும் செய்கிறது என்று 1995இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இவ்வளவு ஆயுதம் வைத்திருக்கும் கொடியையும் அந்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியின் புழு மொட்டையடிக்கிறது. இந்தப் பட்டாம்பூச்சி இந்தியாவையும் இலங்கையையும் விட்டுக் கிழக்கே பரவி, 2006இல் சிங்கப்பூரையும் 2012இல் ஆஸ்திரேலியாவையும் எட்டிவிட்டது. வழியெல்லாம் காலி சைட்டும் காட்டுக்கொடியும் இருந்திருக்கும்.

புரட்டாசியில் எதிர் வீட்டுச் சிறுமி, இரண்டாம் வகுப்பு, கூட்டுப்புழு ஒன்று கேட்டாள். வெள்ளையில் கறுப்புக் கோடும் ஆரஞ்சுப் பொட்டும் வைத்த அழகான கூட்டுப்புழு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் குச்சியோடு வைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள் மருமகள். தினமும் பள்ளி விட்டதும் அந்தக் குழந்தை ஓடிவந்து பார்க்கும். நாலாம் நாள் பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு சின்னப் புழு நெளிந்தது. அடுத்த நாள் அது பழுப்பு மாத்திரை போல உருண்டு கிடந்தது. பட்டாம்பூச்சி வரவில்லை. பத்து நாள் கழித்து மாத்திரை உடைந்து, முதுகெல்லாம் முள்முடி சிலிர்த்த ஒரு ஈ வந்தது.

"ஆன்ட்டி, நீங்க பொய் சொன்னீங்க" என்று குழந்தை அழுதது.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவர் வந்து அது ஒட்டுண்ணி ஈ என்றும், புழுவாக இருக்கும்போதே தாய் ஈ முட்டை வைத்துவிட்டது என்றும், உள்ளே இருந்தே தின்று வளர்ந்து, கூட்டுப்புழு ஆன பிறகு வெளியே வந்தது என்றும், நூறு புழுவில் சிலதை இப்படிக் கழிப்பதால்தான் கொடி பிழைக்கிறது என்றும் குழந்தைக்குச் சொன்னார். எல்லாம் உண்மை. மாமியார் அந்த உண்மையில் பாதியைத்தான் கேட்டிருப்பார். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிரவு தோசையைத் தட்டில் போட்டு அவரே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தது. யாரும் சொல்லி வைக்காததால், அவர் வந்த வேகத்தில் படுக்கையறை ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிவிட்டார். சத்தம் கேட்டு மாமியார் ஓடிவருவதற்குள் மண்கூடு தரையில் சிதறிக் கிடந்தது.

பழைய அறைகள் காலி. ஆனால் புதிதாகப் பூசியிருந்த ஒரு அறை உடைந்ததில், பச்சை நிறத்தில் வழவழப்பான எட்டுப் புழுக்கள் சரிந்து விழுந்திருந்தன. முள் இல்லாத புழுக்கள். தாட்பூட்டில் மேய்பவை அல்ல, வேறு ஏதோ செடியின் இலைப்புழு. நடுவில் வெளிறிய மஞ்சளில் இன்னொன்று, குளவியின் குஞ்சு, ஒரு புழுவில் வாய் வைத்தபடி.

"கொட்டக் கொட்டக் குளவியாகும்னு சொல்லுவாங்களே" என்று மாமியார் குனிந்து பார்த்தார். ஒரு புழுவைத் துடைப்பக் குச்சியால் தொட்டார். லேசாக அசைந்தது. "உசுரு இருக்குது. நவுர மாட்டீங்குது."

அந்த நேரத்துக்குப் பெரியவர் கேட்டருகே வந்திருந்தார். தாய்க் குளவி கொட்டுவது புழுவைக் கொல்ல இல்லை, அசையாமல் வைக்க என்றார். செத்தால் அழுகிவிடும். உயிரோடு மயங்கிக் கிடந்தால் குஞ்சு தின்று முடிக்கும்வரை கெடாது. மூடிய கூட்டிலிருந்து கடைசியில் குளவி வெளியே வருவதைப் பார்த்து, புழுதான் குளவியாயிற்று என்று முன்னோர்கள் நினைத்துவிட்டார்கள்.

"அப்ப அந்தத் தாயி திரும்பி வந்து பாக்காதுங்களா?"

"வராதுங்க. முட்டையை வச்சு, வேண்டிய சோத்தைக் கட்டி வச்சு, பூசிட்டுப் போயிரும்."

மாமியார் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்து, பஞ்சு விரித்து, குஞ்சையும் எட்டுப் புழுவையும் அள்ளி உள்ளே வைத்தாள். பிழைக்குமா என்று தெரியாது. எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஒரு கடன் பாக்கி இருந்தது. எழுந்தபோது மாமியார் ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்துகொண்டிருந்தார். ஆறு வருடம் அசையாத கீல் கிறீச்சிட்டது.

"இத்தனை வருசமா இதைத் தொறக்க உடாம வச்சிருந்துட்டேன் கண்ணு" என்றார், திரும்பிப் பார்க்காமல். "உனக்குப் புழுக்கமா இருந்திருக்கும்ல?"

"இருந்துச்சுங்க அத்தை" என்றாள் அவள்.

பெயின்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். சன்ஷேடுக்கு அடியில் கார்த்திகையிலிருந்து புதிதாக ஒரு காகிதக் கூடு தொடங்கியிருந்தது. உள்ளங்கை அகலம் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு குளவி கிளம்பி, பந்தலின் கடைசிக் கொம்புக்குப் போய், இலைக்கடியில் நுழைந்தது. பெயின்டர் துணியைச் சுற்றிப் பந்தம் தயார் பண்ணப் போனார். தீப்பெட்டி கேட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

மாமியார்தான் வெளியே வந்தார். கையில் தீப்பெட்டி இல்லை.

"அந்த மூலையை உட்டுட்டு அடிங்க" என்றார். "துவைக்கிற கல்லை நாங்க இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கறோம்."